ஏசி அவுட்டோர்ல விசிறி ஓடுது, கம்ப்ரசர் உறுமிட்டு ‘டிக்’னு நிக்குது. கம்ப்ரசர் மாத்தித்தான் ஆகணுமா?

முத்துநகர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, 2014 மாடல், இன்வெர்ட்டர் இல்லை, ஆர்22 கேஸ். வீடு தூத்துக்குடியில், கடற்காத்து நேரா அடிக்கிற இடம். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடிச் சுவரில் மாட்டியிருக்கு. போன வருஷம் வேற வீட்டிலிருந்து மாறி வந்தபோது கழட்டி இங்கே மாட்டினோம். அதுக்கப்புறம் நல்லாத்தான் ஓடிச்சு.

இப்போ பிரச்சினை இதுதான். ஆன் பண்ணி மூணு நிமிஷம் கழிச்சு இண்டோரில் ரிலே சத்தம் கேக்குது. வெளியே விசிறி சுத்த ஆரம்பிக்குது. அதே நேரம் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’னு உறுமுது, ஆனா கிளம்பலை. ஏழெட்டு செகண்டில் உள்ளே ‘டிக்’. உறுமல் நிக்குது, விசிறி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உறுமல், மறுபடி டிக். எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற ஸ்விட்ச், 16 ஆம்பியர்) ஒரு தடவைகூட விழலை.

தெரிஞ்ச மெக்கானிக் வந்து பாத்தார். கம்ப்ரசர் கிளம்ப உதவுற கெபாசிட்டரை மாத்தினார், 45 மைக்ரோஃபேரட் 440 வோல்ட், புதுசு. அப்பவும் அதே உறுமல். அவுட்டோர் டெர்மினலில் மீட்டர் வச்சார், 226 வோல்ட். “கரண்ட் நல்லா வருது, கெபாசிட்டர் புதுசு, அப்போ கம்ப்ரசர் ஜாம் ஆயிடுச்சு சார்”னு சொல்லிட்டார். கம்ப்ரசர், கேஸ், கூலி எல்லாம் சேத்து 14,000 கேக்கிறார். பழைய ஏசிக்கு இவ்வளவு போடலாமா, இல்ல அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேத்து புதுசு வாங்கிடலாமான்னு வீட்டில் பட்டிமன்றம் நடக்குது.

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியலை. கம்ப்ரசர் உறுமுற அந்த நேரம் மட்டும் விசிறி சத்தம் தளர்ற மாதிரி மாறுது. டிக் அடிச்சதும் பழைய வேகத்துக்கு வந்துடுது.

கூல்_பாய்_திருச்சி:

ஹார்ட் ஸ்டார்ட் கிட் (கம்ப்ரசர் கிளம்ப கூடுதல் உந்து குடுக்கிற சாமான்) ஒண்ணு வாங்கிப் போடுங்க ப்ரோ. பழைய கம்ப்ரசர்னா இப்படித்தான் மக்கர் பண்ணும். ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

ஸ்பேனர் தாத்தா:

தம்பி, கம்ப்ரசருக்கு அட்வான்ஸ் குடுத்துராதீங்க. குடுத்திருந்தா இப்பவே போன் பண்ணி நிறுத்தி வைங்க.

சம்பந்தம் இருக்கான்னு தெரியலைன்னு கடைசியில ஒண்ணு எழுதுனீங்க பாருங்க, எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. கம்ப்ரசர் உறுமுறப்ப விசிறி எதுக்குத் தளரணும்? இந்த மாதிரி சாதா ஸ்பிளிட்டுல பெரும்பாலும் உள்ளேயிருந்து பேஸ், நியூட்ரல், எர்த்துன்னு மூணே வயருதான் வெளிய போகும். விசிறியும் கம்ப்ரசரும் அந்த ஒரே ஜோடியிலதான் தொங்குது. விசிறி தளருதுன்னா அந்த எடத்துல வோல்டேஜ் சரியுதுன்னு அர்த்தம். நெசமாவே ஜாம் ஆன கம்ப்ரசரும் கரண்ட்ட இழுக்கத்தான் செய்யும், அதுக்கு அஞ்சு பத்து வோல்ட்டு எறங்கும். அந்த எறக்கம் காதுக்குக் கேக்காது. உங்களுக்குக் காதுலயே கேக்குதே.

மெக்கானிக் 226 பாத்தேன்னது பொய்யில்ல. எப்பப் பாத்தாருங்கறதுதான் கேள்வி. விசிறி மட்டும் ஓடுறப்ப வச்சுப் பாத்திருப்பாரு. விசிறி அரை ஆம்பியரு கூட இழுக்காது. கரிஞ்சு பாதி போன ஜாயிண்ட்டு கூட அந்த அரை ஆம்பியருக்கு 226ஐ முழுசாக் காட்டும். கம்ப்ரசரு கெளம்புற நொடியில முப்பது ஆம்பியருக்கு மேல கேக்கும். ஜாயிண்ட்டோட யோக்கியதை அப்பத்தான் வெளிய வரும். லோடு ஏத்தாம வோல்டேஜ் பாக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனால மொதல்ல பைசா செலவில்லாத வேலை ரெண்டு. ஸ்டெபிலைசர் இருக்கா? இருந்தா, உறுமுற நேரத்துல அதோட டிஸ்ப்ளேயில நம்பர் எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க. வீட்டு லைட்டு மங்குதான்னும் பாருங்க. ரெண்டும் சரிஞ்சா வீட்டு வயரிங்கோ, போஸ்ட்டுலருந்து வர்ற லைனோ. ரெண்டும் அசையாம விசிறி மட்டும் தளந்தா, ஸ்டெபிலைசருக்கும் அவுட்டோருக்கும் நடுவுலதான் திருடன் ஒளிஞ்சிருக்கான்.

அடுத்தது, அவுட்டோர் டெர்மினல்லயே கெளம்புற நேரத்து வோல்டேஜ். கையில ப்ரோப் புடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. எம்சிபிய எறக்கிட்டு, கரண்ட் இல்லன்னு மீட்டர்ல பாத்துட்டு, முதலைக் கிளிப்பு ரெண்ட டெர்மினல்ல மாட்டி, மீட்டர வெளிய வச்சு, மூடிய மூடிட்டு ஆன் பண்ணுங்க. நம்பர செல்போன்ல வீடியோ எடுங்க, அந்த ஏழெட்டு செகண்டுல கண்ணுக்குச் சிக்காது.

வைண்டிங்கும் (கம்ப்ரசர் மோட்டாருக்குள்ள இருக்குற கம்பிச் சுருள்) பாத்துருங்க. எம்சிபி எறக்கி, கெபாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணி (பழைய குண்டு பல்பு மாட்டுன ஹோல்டர் ரெண்டு வயரோட இருந்தா போதும், ஸ்க்ரூ டிரைவர வச்சுப் பொறி பறக்க விடாதீங்க), கம்ப்ரசர் தலையில உள்ள மூணு பின்னுலருந்தும் வயர உருவிட்டு, பின்னுலயே ஓம்ஸ் வைங்க. சின்னா காமன், ஆருன்னா ரன், எஸ்ஸுன்னா ஸ்டார்ட். சி-ஆர், சி-எஸ், ஆர்-எஸ். மொத ரெண்டையும் கூட்டுனா மூணாவது வரணும். ஒண்ணு கவனம். இப்பத்தான் டிக் அடிச்சு சூடா இருக்குன்னா உள்ள இருக்குற ஓவர்லோடு (சூடேறுனா கரண்ட்ட அறுக்குற ஸ்விட்ச்சு, அந்த டிக் சத்தம் அதுதான்) தெறந்து கெடக்கும். அப்ப சி பின்னுக்கு எந்தப் பக்கமும் மீட்டர் காட்டாது, ஆர்-எஸ் மட்டும் காட்டும். அதப் பாத்துட்டு வைண்டிங் போச்சுன்னு நல்ல கம்ப்ரசர பழைய இரும்புக்குப் போட்டவங்கள நெறையப் பாத்திருக்கேன். ஒரு ராத்திரி ஆற விட்டு காலையில பாருங்க.

பாத்து முடிச்சதும் அந்த பின் மூடிய திரும்பப் போடாம கரண்ட் குடுத்துறாதீங்க. எப்பவாச்சும் ஒரு பின்னு அடியில வெடிச்சு உள்ளேயிருந்து கேஸும் ஆயிலும் பீச்சும், பக்கத்துல பொறி இருந்தா தீ. மூஞ்சிய நீட்டிக்கிட்டுப் பாக்குற எடமில்ல அது.

திருச்சித் தம்பி சொன்ன கிட்டு மோசமான சாமான் இல்ல. ஆனா இப்பப் போட்டா என்ன ஆகும்? கம்ப்ரசரு எப்படியோ உந்திக் கெளம்பிரும், எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவீங்க, கெட்ட ஜாயிண்ட்டு உள்ளயே இருந்து கரிஞ்சுக்கிட்டே இருக்கும். காரணம் தெரிஞ்சப்புறம் வேணும்னா போட்டுக்கலாம்.

சேலம்_இஇஇ:

தாத்தா சொன்னதுக்கு ஒரு கணக்கு மட்டும் சேக்கிறேன். இந்த மாதிரி மோட்டாரில் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 230க்குப் பதில் 160 வந்தால் வோல்டேஜ் கிட்டத்தட்ட 70 சதவீதம், விசை ஏறக்குறைய பாதி. அதனால் 160 வோல்ட்டில் ஜாம் ஆன கம்ப்ரசருக்கும் நல்ல கம்ப்ரசருக்கும் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. ரெண்டும் உறுமும், ரெண்டும் டிக் அடிக்கும். எம்சிபி ஏன் விழலைங்கிறதும் இதில்தான் இருக்கு. 16 ஆம்பியர் எம்சிபி, அதைப்போல ரெண்டு மடங்கு கரண்ட்டை சில செகண்டுக்குத் தாங்கும். அதுக்கு முன்னாடி ஓவர்லோடு முந்திக்குது.

முத்துநகர்வாசி:

ரொம்ப நன்றி ஐயா. மச்சான் துறைமுகத்தில் எலெக்ட்ரிக்கல் வேலை பாக்கிறார், கிளாம்ப் மீட்டரோட (வயரைச் சுத்திப் பிடிச்சாலே கரண்ட் காட்டுற மீட்டர்) வந்தார். நான் தொட்டது டிஸ்ப்ளேயை வீடியோ எடுத்தது மட்டும்தான். சைடு பேனல் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சு, ரெண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு.

ஸ்டெபிலைசர் அவுட்புட் டிஸ்ப்ளே 224. உறுமுற நேரம் 217. லைட் மங்கலை.

அவுட்டோர் டெர்மினல்: விசிறி மட்டும் ஓடும்போது 224. கம்ப்ரசர் கிளம்ப முயலும்போது 168! டிக் அடிச்சதும் திரும்ப 224. அந்த நேரத்தில் கிளாம்ப் மீட்டர் 31 ஆம்பியர் காட்டிச்சு.

வைண்டிங் (காலையில், ஆறின பிறகு): சி-ஆர் 2.1, சி-எஸ் 2.9, ஆர்-எஸ் 4.7. கூட்டினா 5.0 வருது, மீட்டர் 4.7 காட்டுது. இது தப்பா? மச்சான் 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிவு இருக்கான்னு பாக்கிற மீட்டர்) வச்சு பாடிக்குப் பாத்தார், 100 மெகா ஓமுக்கு மேல காட்டுது.

ஸ்பேனர் தாத்தா:

மச்சானுக்கு ஒரு கும்பிடு. மெக்கரோட வர்ற மச்சான் எல்லாருக்கும் வாய்க்காது.

4.7 தப்பில்ல. மீட்டரோட ரெண்டு ப்ரோப்பையும் ஒண்ணோட ஒண்ணு முட்ட வச்சுப் பாருங்க, 0.3 காட்டும்னு நெனைக்கிறேன். அது ப்ரோப் வயரோட சொந்தக் கணக்கு. மூணுலயும் அதக் கழிங்க. 1.8, 2.6, 4.4. இப்பக் கூட்டுங்க. கச்சிதம். பாடிக்கும் கசிவு இல்ல. வைண்டிங்குல ஒரு கொறையும் இல்ல.

இப்ப திருடனப் புடிப்போம். 217 கெளம்பி 168தான் போய்ச் சேருது. நடு வழியில 49 வோல்ட்டு காணோம். பேஸ் வயர்லயா நியூட்ரல்லயா? நீளமா ஒரு வயர எடுத்து, ஸ்டெபிலைசர் பக்கத்து நியூட்ரல்ல ஒரு முனையக் கட்டி, மறுமுனைய மாடிக்குக் கொண்டு போய், அந்த வயருக்கும் அவுட்டோர் நியூட்ரலுக்கும் நடுவுல மீட்டர வைங்க. ஒரே கம்பியோட ரெண்டு முனை, நியாயமாப் பாத்தா ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல வரக் கூடாது. அதே மாதிரி பேஸுக்கும். பேஸ் பக்கம் எறக்கம் இருந்தா இண்டோர் போர்டுல இருக்குற ரிலேயும் சந்தேகத்துல வரும், அதோட பாயிண்ட்டு தேஞ்சாலும் இதே கூத்துதான். எறும்பு பூந்து ரிலே பாயிண்ட்டுல நசுங்கிக் கெடந்ததையும் பாத்திருக்கேன். மாட்டுறது கழட்டுறது எல்லாம் எம்சிபிய எறக்கிட்டு. நியூட்ரல்தானேன்னு கை வைக்காதீங்க, உறுமுற நேரத்துல அந்தப் பக்கத்து நியூட்ரல்ல எவ்வளவு நிக்குதுன்னு பாத்தீங்கன்னாலே புரியும்.

ஒரு கேள்வி. வீடு மாறுனப்ப பழைய கேபிளையே இழுத்து மாட்டுனாங்களா? எட்டாம ஒட்டுப் போட்டாங்களா?

சேலம்_இஇஇ:

49 வோல்ட், 31 ஆம்பியர். சுமார் 1.6 ஓம். ரெண்டரை ஸ்கொயர் எம்எம் காப்பர் கிலோமீட்டருக்கு ஏழரை ஓம்தான். எட்டு மீட்டர் தூரம்னு வச்சா போக வர பதினாறு மீட்டர், 0.12 ஓம், நாலு வோல்ட்கூட இறங்காது. அதனால் கேபிள் மெலிசுங்கிற பேச்சுக்கு இடமில்லை, ஏதோ ஒரு புள்ளி கரிஞ்சிருக்கு. அந்தப் புள்ளியில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றரை கிலோவாட் சூடு. அயர்ன் பாக்ஸைச் சுவத்துக்குள்ள வச்சு மூடின மாதிரி. அது கிடைக்கிற வரைக்கும் ஏசியை ஆன் பண்ணாம இருக்கிறது நல்லது.

முத்துநகர்வாசி:

கிடைச்சிடுச்சு!

நியூட்ரலுக்கு நியூட்ரல் 46 வோல்ட். பேஸுக்கு 3. இதைப் பாத்ததுமே மச்சான் கேபிள் போற வழியைத் தடவிக்கிட்டே போனார். சுவத்து ஓட்டைக்குள்ள, காப்பர் பைப்போட சேத்து வெள்ளை டேப் சுத்தியிருக்காங்களே, அதுக்குள்ள ஒரு ஒட்டு. ஐயா கேட்டது அப்படியே. வீடு மாறினப்ப கேபிள் எட்டாம, கையால முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருக்காங்க. பேஸ் ஒட்டு பரவாயில்லை. நியூட்ரல் ஒட்டில் காப்பர் பச்சை பூத்து, பாதி கறுத்து, டேப் உருகி பைப் ஸ்லீவோட ஒட்டிக் கிடந்துச்சு. பிச்சு எடுத்தா கம்பி இழை பொடிப்பொடியா உதிருது.

ஒட்டை வெட்டிட்டு மறுபடி சேக்கலாமான்னு நான் கேட்டேன், மச்சான் ஒத்துக்கலை. இண்டோர்லருந்து அவுட்டோர் வரைக்கும் மூணு கோர் ரெண்டரை ஸ்கொயர் எம்எம் காப்பர், ஒரே துண்டா இழுத்தோம். ரெண்டு பக்கமும் லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டுற உலோகத் துண்டு) அடிச்சு டெர்மினலில் இறுக்கினார். ஆன் பண்ணினதும் உறுமலே கேக்கலை, ஒரு உதறு உதறிட்டு கிளம்பிடுச்சு. கிளம்புற நொடியில் அவுட்டோரில் 212 வரைக்கும்தான் இறங்கிச்சு. ஓட்டத்தில் 6.9 ஆம்பியர், பிளேட்டில் 7.4 போட்டிருக்கு. இப்ப ரூம் ஜிலுஜிலுன்னு இருக்கு.

ஒரு சந்தேகம். கழட்டின பழைய கெபாசிட்டர் மீட்டரில் 43.6 காட்டுது. புதுசு 44.8. பழசைத் தூக்கிப் போட்டுடவா?

மாடித்தோட்டக்காரி:

படிக்கப் படிக்க துப்பறியும் கதை மாதிரி இருந்துச்சு. தாத்தா, எங்க வீட்டில் இன்வெர்ட்டர் ஏசி. இண்டோர் ஓடும், அவுட்டோர் சில சமயம் விசிறிகூட சுத்தாது, டிஸ்ப்ளேயில் ஏதோ எர்ரர் நம்பர் மின்னும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நாள் ஓடும். இதே மாதிரி பின்னில் ஓம்ஸ் பாக்கச் சொல்லலாமா எலெக்ட்ரீஷியனை?

ஸ்பேனர் தாத்தா:

முத்துநகர் தம்பி, 45க்கு அஞ்சு சதவீதம் கூடக் கொறைய இருக்கலாம். 43.6 அதுக்குள்ளதான் இருக்கு. பழசு கெட்டுப் போகவே இல்ல. வீங்கல, ஆயில் கசியலன்னா பத்திரமா வைங்க, ஸ்பேர் ஆச்சு. அவுட்டோர் டெர்மினல் ஸ்க்ரூவ மட்டும் மழைக்கு முன்னாடி ஒரு தடவ இறுக்கிப் பாருங்க. உங்க ஊருக் காத்து ஸ்க்ரூவயும் விடாது, லக்கையும் விடாது.

மாடித்தோட்டத்தம்மா, உங்களுது வேற ஜாதி. அவசரப்பட்டு தெறக்க விடாதீங்க. இன்வெர்ட்டர்ல கெபாசிட்டர் வச்சு கெளம்புற கதையே கெடையாது. கம்ப்ரசர் மூணு பின்னுக்கும் நடுவுல மூணு பக்கமும் ஒரே ஓம்ஸ் வரணும், கூட்டல் கணக்கெல்லாம் அங்க செல்லாது. வர்ற ஏசி கரண்ட்ட போர்டுல டிசியாக்கி, அத வெட்டி வெட்டிக் கம்ப்ரசருக்கு அனுப்பும். அந்த டிசி 300 வோல்ட்டுக்கு மேல. எம்சிபிய எறக்குனப்புறமும் பெரிய கெபாசிட்டர்ல நின்னுக்கிட்டு இருக்கும். பத்து நிமிஷம் பொறுத்து, மீட்டர டிசியில போட்டு எறங்கிருச்சான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும். இது தெரியாத எலெக்ட்ரீஷியன்னா வேணாம், சர்வீஸ் ஆளக் கூப்புடுங்க.

ஆனா நீங்க சொல்ற கொறைக்கு போர்டு வரைக்கும் போக வேண்டியதே இருக்காது. எர்ரர் வந்து வந்து போகுது, தட்டி ஆன் பண்ணா ஓடுது. அந்த நம்பர் என்னன்னு மொதல்ல கம்பெனி புக்குல பாருங்க. உள்ளயும் வெளியயும் பேசிக்கிற தொடர்பு அறுந்துச்சுன்னு போட்டிருந்தா, சந்தேகம் கேபிள் மேலதான். பேஸ், நியூட்ரல், எர்த்தோட நாலாவதா ஒரு சிக்னல் வயர் போகும். அதுல ஒட்டு இருந்தா இந்த ஆட்டம் வரும். பேஸும் நியூட்ரலும் எடம் மாறி மாட்டியிருந்தாலும் பல மாடல்ல பேச்சு நின்னுரும். ரெண்டு பக்கத்து டெர்மினல்லயும் வயர் கலர் அதே நம்பர்ல அதே வரிசையில இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அது சரின்னா அப்புறம் போர்டு. எங்க ஊர்ல போர்டு பொகையறதுக்குப் பாதிக் காரணம் பல்லி. சூட்டுக்கு உள்ள போய்ப் படுத்து, ரெண்டு பாயிண்ட்டுக்கு நடுவுல பாலம் போட்டு, தானும் செத்து போர்டையும் கொன்னுரும். இப்ப பேரன்தான் ஏணி ஏறுறான், நான் கீழ நின்னு திட்டுற வேலை. கீழ எறங்குனா அவன் மொத வார்த்தையே ‘பல்லி தாத்தா’தான்.

கூல்_பாய்_திருச்சி:

கிட் மேட்டரில் தாத்தா சொன்னது சரிதான், ஒத்துக்கிறேன் 😄 எனக்கும் ஒரு கேள்வி. அத்தை வீட்டில் மழை பெஞ்சா மட்டும் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்) விழுது, 30 மில்லி ஆம்பியர். ஏசி எம்சிபியை இறக்கி வச்சா விழறதில்லை. பாத்தவர் அவுட்டோர் எர்த் வயரைக் கழட்டிட்டா சரியாயிடும்கிறார். கழட்டலாமா?

ஸ்பேனர் தாத்தா:

கழட்டவே கூடாது. அந்த ஆளத் திரும்பக் கூப்புடவும் கூடாது. ஆர்சிசிபி விழுதுன்னா கரண்ட்டு எங்கயோ பாடிக்குக் கசிஞ்சு எர்த்து வழியாப் போகுது, அதான் விழுது. எர்த்தக் கழட்டுனா கசிவு நிக்காது, அவுட்டோர் தகரத்துலயே நிக்கும். மழையில நனைஞ்ச மாடியில வெறுங்காலோட துணி எடுக்கப் போற அத்தை அதத் தொடுவாங்க.

மழைக்கு மட்டும்னா பாக்க வேண்டிய எடம் கொஞ்சம்தான். டெர்மினல் மூடி ஒழுங்கா மூடியிருக்கா, கேபிள் கீழயிருந்து மேல ஏறி உள்ள போகுதா, இல்ல தண்ணி கேபிள் வழியாவே டெர்மினலுக்கு வழிஞ்சு வருதா, வெயில்ல கேபிள் மேல்தோல் வெடிச்சிருக்கா. அப்புறம் விசிறி மோட்டார். எம்சிபிய எறக்கி விசிறி வயரத் தனியாக் கழட்டி டேப் சுத்திட்டு, ஈரத்தோட மெக்கர் வச்சுப் பாடிக்குப் பாக்கச் சொல்லுங்க. அடுத்து கம்ப்ரசர், அடுத்து கேபிள் மட்டும். எது ஒரு மெகா ஓமுக்குக் கீழ விழுதோ அதான். காய்ஞ்சப்புறம் பாத்தா எல்லாம் யோக்கியனாட்டம் காட்டும், நனைஞ்ச அன்னைக்கே பாக்கணும்.

டெர்மினலையும் கேபிள் உள்ள போற எடத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துச் சொல்றேன்.